அப்பாயி கால்ல ஆலிவ் ஆயில்: ஒரே பாட்டில், மூணு தோல்

பேஷண்டுக்கு 64 வயசு. திருத்துறைப்பூண்டி பக்கத்து கிராமம், வேலை நடவு, களையெடுப்பு, அறுப்பு, சின்ன வயசுலேர்ந்து சேத்துலயும் தண்ணியிலயும் நின்ன காலு. எட்டு வருஷமா சுகர், மாத்திரையில ஓடிட்டு இருக்கு. மார்கழி பொறந்ததுலேர்ந்து ரெண்டு கால்லயும் முழங்காலுக்குக் கீழ அரிப்பு, ராத்திரி படுத்தா தூக்கமில்ல, சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் பொடவ ஓரத்துல ஒட்டிக்குது. தை கடைசில கூட்டிட்டு வந்தாங்க, மருமகளும் காலேஜ் படிக்கிற பேரனும். அந்தப் பையன் கூப்புடுற மாதிரி நானும் அப்பாயின்னே எழுதுறேன், பேரு ஊரு எதுவும் வேணாம்.

உள்ள வந்து உக்காந்ததும் அவங்க சொன்னது இதுதான்: "எண்ணெ போடாம கெடந்து காஞ்சா பரவால்ல டாக்டரம்மா, ரெண்டு வேளையும் தேய்க்கிறேன், தேய்க்கத் தேய்க்க காயுதுங்கறேன்."

இந்த ஒரு வரிக்காகத்தான் கேஸ முழுசா எழுதணும்னு தோணுச்சு. எண்ணெ தேச்சா தோல் மெதுவாகும்ங்கறத நம்ம பக்கம் யாரும் சந்தேகப்படுறதே இல்ல, பொறந்த கொழந்தைலேர்ந்து படுத்த கெழவி வரைக்கும் எண்ணெதான், எந்த எண்ணெ ஒசத்திங்கறதுல மட்டும்தான் சண்ட வரும். ஆனா போற எடத்துல ஏற்கனவே ஒரு எண்ணெ இருக்கு, தோல் தானா சுரக்குற எண்ணெ, அதோட இது சேந்தா என்ன ஆகுதுன்னு யாரும் யோசிக்கறது இல்ல, டாக்டருங்களே பாதிப் பேரு "ஏதாவது மாய்ஸ்சரைசர் போட்டுக்கம்மா"ன்னு எழுதிக்குடுத்து அனுப்பிடுறோம்.

பரிசோதனைல பாத்தது. முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் தோல் எண்ணெப் பசையில பளபளன்னு இருக்கு, ஆனா விரல வச்சுத் தடவுனா மொரமொரன்னு செதில் கையோட வருது. டார்ச் அடிச்சு கிட்ட பாத்தா கட்டம் கட்டமா மெல்லிய வெடிப்பு, ஒவ்வொரு வெடிப்போட ஓரமும் செவந்திருக்கு, நாலஞ்சு எடத்துல நகம் பட்டு பொருக்குத் தட்டிக் கெடக்கு. ஆடுசதைப் பக்கம் அவ்வளவு மோசமில்ல, தொடை சுத்தமா இருக்கு. குதிகால சுத்தி ஆழமான பித்தவெடிப்பு. கால்விரல் இடுக்குல தோல் ஊறி வெளுத்துப் போயி பழைய சேத்துப்புண்ணு. மோனோஃபிலமென்ட்ங்கற மெல்லிசு நைலான் இழைய வச்சுத் தொட்டுப் பாத்தப்ப ரெண்டு கட்டைவிரல்லயும் உணர்ச்சி கம்மி, இது சுகரோட வேல.

வேற என்னவா இருக்கலாம்னு பாக்கணும்ல. சிரங்கு இல்ல, கைவிரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள் எல்லாம் பாத்தாச்சு, வீட்ல வேற யாருக்கும் ராத்திரி அரிப்பும் இல்ல. படர்தாமரையான்னு காலச் சுரண்டி மைக்ராஸ்கோப்புல பாத்தோம், பூஞ்சை இல்ல, விரல் இடுக்குல மட்டும் இருந்துச்சு. நரம்பு சுருட்டல் இல்ல, கணுக்கால் வீக்கம் இல்ல. வயசானவங்களுக்கு திடீர்னு இவ்ளோ வறட்சி வந்தா தைராய்டு, கிட்னி ரெண்டையும் பாக்காம விடக்கூடாது, ரெண்டும் நார்மல். மூணு மாச சராசரி சுகர் (HbA1c) 8.2 சதவீதம், கொஞ்சம் கூடதான். ஆக இது அஸ்டியடோட்டிக் எக்ஸிமா, வயசானவங்களுக்கு பனிக்காலத்துல கால்ல வர்ற வறட்சி எக்ஸிமா. டெல்டால என்ன பெரிய பனி, ஈரக்காத்து ஊர்தானன்னு கேக்கலாம், ஆனா வெயில் காலத்துல நசநசன்னு வேர்க்கிற அளவுக்கு மார்கழி தையில வேர்க்காது, வேர்வையில வர்ற யூரியா, லாக்டிக் ஆசிட் மாதிரி தண்ணிய இழுத்து வைக்கிற சமாச்சாரமும் அப்ப கொறஞ்சிடும், சுகர்னால கால்ல வேர்வை ஏற்கனவே கம்மியானவங்களுக்கு இன்னும் மோசம்.

இப்ப எண்ணெக் கதை. முன்னாடியெல்லாம் அப்பாயி குளிச்சுட்டு வந்து ஈரத்தோட தேங்கா எண்ணெ ஒரு சொட்டு தடவிக்குவாங்களாம், அவ்ளோதான். தீபாவளிக்கு மகன் குவைத்துலேர்ந்து வந்தப்ப எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் ஆயில் பெரிய பாட்டில் ஒண்ணு கொண்டாந்திருக்காரு, "அங்கல்லாம் ஒடம்புக்கு இதான் போடுறாங்க, நல்லா தேச்சுக்கம்மா"ன்னு. அதுலேர்ந்து வழக்கமே மாறிடுச்சு. காலையில காலு முழுக்க எண்ணெய அப்பி அரை மணி வெயில்ல உக்காருவாங்க, அப்புறம் வெறகடுப்புல காஞ்ச வென்னீர், அதுல கிருமிநாசினி ரெண்டு மூடி, சோப்ப போட்டு பீர்க்கங்கூட்டால பிசுக்கு போற வரைக்கும் தேய்ப்பு. தண்ணியோ போர் தண்ணி, கடல் பக்கத்து ஊரு, உப்பு, சோப்பு நொரையே வராது, வரலன்னு இன்னும் சோப்பு. ராத்திரி படுக்கும்போது காஞ்ச கால்ல மறுபடியும் ஆலிவ் ஆயில், போட்டதும் கொஞ்சம் எரியும், "எரிஞ்சா மருந்து வேல செய்யுது"ன்னு அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க.

இதப் புரிஞ்சுக்க தோல் மேல என்ன இருக்குன்னு பாக்கணும். தோல்ல கொழுப்பு ரெண்டு எடத்துலேர்ந்து வருது, இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிறதுதான் பாதிப் பிரச்சன. ஒண்ணு சீபம், எண்ணெச் சுரப்பிலேர்ந்து வந்து மேல பரவுறது. அதுல பாதிக்கு மேல ட்ரைகிளிசரைடும் அது ஒடஞ்சு வர்ற கொழுப்பு அமிலமும், கால்வாசி மெழுகு வகை, 12 சதவீதம் வாக்குல ஸ்குவாலீன். சேப்பியனிக் ஆசிட்டுன்னு மனுசன் சீபத்துக்கே உரிய ஒரு அமிலமும் இதுல உண்டு. இன்னொண்ணு மேல்தோல் செல்லுங்களே செஞ்சு தங்களுக்கு நடுவுல அடுக்கி வச்சுக்கிறது, எடைக்கு பாதி செரமைடு, கால்வாசி கொலஸ்ட்ரால், பத்து பதினஞ்சு சதவீதம் கொழுப்பு அமிலம். இதத்தான் தோல் ஆராய்ச்சியாளர் பீட்டர் இலயாஸ் செங்கல்லும் சாந்தும்னு சொன்னாரு, செத்த செல்லு செங்கல்லு, நடுவுல இருக்கற கொழுப்பு சாந்து, 1980கள்லேர்ந்து எல்லா தோல் டாக்டரும் படிச்சு வர்ற மாடல் இது. ஒடம்புத் தண்ணி வெளிய ஆவியாப் போகாம தடுக்கறது பெரும்பாலும் இந்த ரெண்டாவது கொழுப்புதான், சீபம் இல்ல. அது சும்மா கொட்டிக் கெடக்குற கொழுப்பு இல்ல, தகடு தகடா ஒழுங்கா அடுக்கியிருக்கும், அந்த ஒழுங்குதான் அதோட பலமே.

சரி, கால்ல எவ்ளோ சீபம் இருக்கு? மொகத்துலயும் தலையிலயும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400லேர்ந்து 900 எண்ணெச் சுரப்பி, மத்த எடத்துல 100க்கும் கம்மி, உள்ளங்கை உள்ளங்கால்ல ஒண்ணு கூட கெடையாது. நெத்திய தொட்டா சதுர சென்டிமீட்டருக்கு 100லேர்ந்து 300 மைக்ரோகிராம் கொழுப்பு இருக்கும், முழங்காலுக்குக் கீழ அது பத்து இருவதுன்னு பத்துக் கணக்குலதான். அதுவும் பொம்பளைங்களுக்கு மாதவிடாய் நின்னதும் சீபம் இன்னும் எறங்கிடும், ஆம்பளைங்களுக்கு எண்பது வயசு வரைக்கும் பெருசா எறங்காது. அதனாலதான் ஒரே வீட்ல தாத்தா கால் தேவலயாவும் பாட்டி கால் சாம்பல் பூத்தும் இருக்கறத பாக்குறோம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. அப்பாயி ஒரு வேளைக்கு ரெண்டு காலுக்கும் ஒரு டீஸ்பூன் எண்ணெ எடுக்குறாங்கன்னு வச்சுக்குவோம், அஞ்சு மில்லி, நாலரை கிராம் வரும். முழங்காலுக்குக் கீழ ரெண்டு காலோட பரப்பும் சேத்து தோராயமா 2000 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 2000 மைக்ரோகிராமுக்கு மேல வருது. அங்க சொந்தமா இருக்கறது பத்துக் கணக்கு, நாம மேல ஊத்துறது அதப்போல நூறு மடங்கு. நெத்தியில ஊத்துனா அது சீபத்தோட கலக்குதுன்னு சொல்லலாம், கால்ல கலக்குறதுக்கு ஒண்ணுமே இல்ல, அங்க படலம்னா அது முழுக்க ஆலிவ் ஆயில் படலம்தான். அப்ப அந்த எண்ணெய்ல என்ன இருக்குங்கறதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணும்.

எண்ணெங்கறது ட்ரைகிளிசரைடு, பெரிய மூலக்கூறு, ஒலிக் ஆசிட் மூணு சேந்ததுன்னா எடை 885. இந்த சைஸ்ல தோலுக்குள்ள ஆழமா போகாது, மேல் ரெண்டு மூணு அடுக்குலயே நின்னுடும். "எலும்பு வரைக்கும் எறங்கும்"னு செக்குக் கடையில சொல்றதெல்லாம் வியாபாரம். ஆனா தோல் மேல இருக்கற பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் லைபேஸ்ங்கற நொதிய விட்டு அத ஒடைக்கும், ஒடைச்சா தனி ஒலிக் ஆசிட், எடை 282, இது உள்ள போகும். எக்ஸ்ட்ரா வர்ஜின்லயே ஆரம்பத்துலேர்ந்து 0.8 சதவீதம் வரைக்கும் தனி அமிலம் இருக்கலாம்னு தரக்கட்டுப்பாடே அனுமதிக்குது. ஒலிக் ஆசிட் மூலக்கூறு நடுவுல வளைஞ்சு இருக்கும், செரமைடு, கொலஸ்ட்ரால் எல்லாம் நேரா நெருக்கி அடுக்கி நிக்கிற எடத்துல இது நுழைஞ்சா அந்த அடுக்கு எளகிடும். மருந்துக் கம்பெனிக்காரங்க தோல் வழியா மருந்த உள்ள தள்ளணும்னா இதே ஒலிக் ஆசிட்டத்தான் சேக்குறாங்க, கதவத் தெறந்து விடறதுக்கு. ஆலிவ் ஆயில்ல இது 55லேர்ந்து 83 சதவீதம்.

2013ல இங்கிலாந்துல ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆளுங்க செஞ்ச ஆய்வு இந்தக் கேஸுக்கு அப்படியே பொருந்தும். 19 பெரியவங்க, கொஞ்சப் பேருக்கு எக்ஸிமா இருந்த ஒடம்பு, மத்தவங்களுக்கு இல்ல. ஒரு குழு ஒரு கையில ஆறு சொட்டு ஆலிவ் ஆயில் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை அஞ்சு வாரம் போட்டுச்சு, இன்னொரு குழு ஒரு கையில ஆலிவ், மறு கையில சூரியகாந்தி எண்ணெ, நாலு வாரம். ஆலிவ் போட்ட எடத்துல மேல்தோலோட உறுதி கொறஞ்சது, லேசா செவந்தும் போச்சு, அதுவும் எக்ஸிமா இல்லாதவங்களுக்கும் சேத்து. சூரியகாந்தி போட்ட கையில உறுதியும் கெடல, ஈரப்பதமும் கூடுச்சு.

சூரியகாந்தியில என்ன ஸ்பெஷல்னா லினோலிக் ஆசிட். செரமைடுல ஒரு வகை லினோலிக் ஆசிட் சேந்தாத்தான் உருவாகும், அது இல்லாட்டி தடுப்பே நிக்காது. 1929ல பர் தம்பதி எலிகளுக்கு கொழுப்பே இல்லாத தீனி போட்டு, தோல் செதில் செதிலா உதிர்றதப் பாத்துதான் இப்படி ஒரு அவசியமான கொழுப்பு அமிலம் இருக்குன்னே உலகத்துக்குத் தெரிஞ்சுது. 1975ல அந்த அமிலம் கொறைஞ்ச நோயாளிங்க தோல்ல சூரியகாந்தி எண்ணெய மேலாக தடவியே சரி பண்ணியிருக்காங்க. டாக்கால கொறைமாசக் கொழந்தைங்களுக்கு இதே எண்ணெ தடவுனதுல ஆஸ்பத்திரியில தொத்துற கிருமி நோய் 41 சதவீதம் கொறஞ்சதா 2005ல வந்துச்சு. ஆக எண்ணெயெல்லாம் கெட்டதுன்னு நான் சொல்ல வரல, அப்படி எடுத்துக்கிட்டு நாளைக்கு வந்து நிக்காதீங்க.

நம்ம நல்லெண்ணெ இதுக்கு நடுவுல நிக்குது, ஒலிக்கும் லினோலிக்கும் கிட்டத்தட்ட சரிபாதியா 40 சதவீதம் அளவுல. தேங்கா எண்ணெ தனி ஜாதி, பாதிக்குக் கிட்ட லாரிக் ஆசிட், ஒலிக் ரொம்பக் கம்மி, மார்கழி காலையில பாட்டில்ல ஒறைஞ்சு நிக்குதே அதுக்குக் காரணமும் இதுதான். 2004ல பிலிப்பைன்ஸ்ல 34 பேருக்கு வறண்ட கால்ல தேங்கா எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ரெண்டு வாரம் போட்டு ஒப்பிட்டப்ப ரெண்டுலயும் ஈரப்பதம் கூடுச்சு, தோல் மேல இருக்கற கொழுப்போட அளவும் கூடுச்சு. அப்பாயி பழைய வழக்கப்படி தேங்கா எண்ணெயோட இருந்திருந்தா என்கிட்ட வந்திருக்கவே மாட்டாங்கன்னுதான் நான் நெனைக்கிறேன்.

ஆனா ஆலிவ் ஆயில் மேலயே முழுப் பழியும் போட்டா அது சரியான ஆய்வு இல்ல. அதே எண்ணெய அவங்க முன்னங்கையிலயும் தேச்சிருக்காங்க, அங்க லேசா சொரசொரப்பு, அவ்ளோதான், வெடிப்பு இல்ல. வித்தியாசம் எங்கன்னு கேட்டா பீர்க்கங்கூடு கைக்குப் போகல, காலுக்கு மட்டும்தான். கால்ல எண்ணெ ஜாஸ்தி, அத எடுக்க சோப்பு ஜாஸ்தி, சோப்பு, தோல் மேல கெடக்குற ஆலிவ் ஆயில மட்டும் எடுத்துட்டு சாந்துக் கொழுப்ப விட்டு வைக்காது, சேத்துதான் அள்ளிட்டுப் போகும். போதாக்கொறைக்கு அந்த போர் தண்ணில இருக்கற கால்சியம் சோப்போட சேந்து கரையாத பிசுக்கா தோல்லயே படியுது, அது கழுவுனாலும் போகாது, அங்கயே ஒக்காந்து எரிச்சல் குடுக்கும். சோப்போட pH, அதாவது புளிப்பு-கார அளவு, 9, 10ன்னு இருக்கும், தோலுக்கு வேண்டியது 5 வாக்குல, செரமைடு செய்யிற நொதியெல்லாம் அந்த புளிப்புலதான் ஒழுங்கா வேல செய்யும். வாலிபத் தோல்ல கொழுப்ப ஒருதரம் வழிச்சு எடுத்தா ரெண்டு மூணு நாள்ல திரும்ப அடுக்கிடும், வயசான தோலுக்கு அதுக்கும் மேல ஆகும். இவங்க தெனமும் வழிச்சா அது எப்ப அடுக்குறது? அடுக்குறதுக்குள்ள ராத்திரி ஒலிக் ஆசிட் வந்து நிக்குது. எரிச்சலுக்குக் காரணம் இதுதான், மருந்து வேல செய்யுறது இல்ல.

இதப் பேசிட்டு இருக்கும்போதே மருமக பேரன் சட்டையத் தூக்கி முதுகக் காமிச்சாங்க. "இவனுக்கும் வறட்சிதாங்க டாக்டர், வெள்ள வெள்ளயா உதுருது, அதே எண்ணெயத்தான் நானே தேச்சு விடுறேன்." பாத்தா தேமல். மேல்முதுகு, நெஞ்சு, தோள்பட்டை, வெளுத்த திட்டு, நகத்தால லேசா கீறுனா மாவு மாதிரி செதில். சுரண்டி பாத்ததும் ஸ்லைடு பூரா மலாசீசியா ஈஸ்ட். பத்தொம்போது வயசுப் பையன், ஜிம்முக்குப் போறான், முதுகுல சீபம் ஆறா ஓடுற வயசு. மலாசீசியாவுக்கு தானா கொழுப்பு அமிலம் செஞ்சுக்கத் தெரியாது, நம்ம தோல்லேர்ந்து எடுத்துதான் வாழணும். லேப்ல இத வளக்கணும்னா பழைய கால முறை என்ன தெரியுமா, வளப்புத் தட்டு மேல ஆலிவ் ஆயில் ஊத்துவாங்க, அப்பதான் வளரும்! இந்தம்மா அத பையன் முதுகுலயே செஞ்சிருக்காங்க. அது வெளுக்கறதும் வறட்சியால இல்ல, அந்த ஈஸ்ட் விடுற அமிலங்கள் நெறம் செய்யிற வேலைய மந்தமாக்குறதால.

இங்க தேங்கா எண்ணெயும் உதவாது, நல்லெண்ணெயும் உதவாது, அப்பாயி காலுக்கு நல்லதுன்னு சொன்னனே சூரியகாந்தி, அதுவும் வேணாம். எல்லாமே தீனிதான். பொடுகும் இதே கதை, மலாசீசியா சீபத்த ஒடைச்சு தனக்கு வேண்டியத எடுத்துக்கிட்டு ஒலிக் ஆசிட்ட மிச்சம் வைக்குது, அது ஒத்துக்காத மண்டையில செதில் உதுருது, நாம "மண்ட காஞ்சு போச்சு"ன்னு மேல எண்ணெய ஊத்துறோம்.

மூணாவது தோல் பிரசவத்துக்கு வந்திருந்த மகளோட கொழந்தை, நாலு மாசம், அடுத்த தடவ தூக்கிட்டு வந்தாங்க. உச்சந்தலையில மஞ்சப் பொருக்கு, அதுக்கும் அந்த பாட்டில்தான். இத நீட்டி எழுத வேண்டியதில்ல, பொருக்க எளக வைக்க குளிக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் எண்ணெ போட்டு மென்மையா கழுவுனா போதும், ஊற வச்சு நாள் பூரா விடக்கூடாது. 2016ல மான்செஸ்டர்ல 115 பச்சக் கொழந்தைங்களுக்கு ஆலிவ், சூரியகாந்தி, ஒண்ணும் போடாததுன்னு மூணா பிரிச்சுப் பாத்ததுல ரெண்டு எண்ணெயிலயும் ஈரப்பதம் கூடுச்சு, ஆனா அந்தக் கொழுப்புத் தகடு ஒழுங்காகறது எண்ணெ போடாத கொழந்தைங்கள விட பின்தங்கிடுச்சு. அதனால ஆரோக்கியமான கொழந்தைக்கு ஆசைக்கு மசாஜ் பண்ணலாம், மருந்துன்னு நெனைச்சு அப்பாதீங்க. ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லி அனுப்புனேன், மூக்குல காதுல எண்ணெ விடுற வேல கூடவே கூடாது, மூக்குல விட்டது நுரையீரலுக்குப் போயி எண்ணெ நிமோனியா ஆன கொழந்தைங்க உண்டு.

வைத்தியம். அப்பாயிக்கு முதல் பத்து நாள் மோமெடாசோன்ங்கற ஸ்டீராய்டு ஆயின்மென்ட் செவந்த எடத்துக்கு மட்டும் ஒரு வேளை. வென்னீர் வெதுவெதுப்போட நிக்கணும், பத்து நிமிஷத்துக்கு மேல குளியல் கெடையாது, கிருமிநாசினி நிறுத்தம், சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதத்துக்கு மட்டும், பீர்க்கங்கூட்ட பாத்திரம் தேய்க்க எடுத்துக்கச் சொல்லியாச்சு. கடைசி ஒரு சொம்பு மட்டும் பஞ்சாயத்து கொழாத் தண்ணியா ஊத்திக்கச் சொன்னேன். தொடச்சும் தொடைக்காம ஈரம் இருக்கும்போதே பெட்ரோலியம் ஜெல்லி. ஏன் இந்த மலிவுச் சரக்குன்னு மருமகளுக்கு கொஞ்சம் ஏமாத்தம்தான், கலர் டப்பால எதாவது எழுதுவேன்னு எதிர்பாத்தாங்க போல. பெட்ரோலியம் ஜெல்லில ட்ரைகிளிசரைடு இல்ல, லைபேஸ் ஒடைக்க ஒண்ணும் கெடையாது, ஒலிக் ஆசிட் வர வழியே இல்ல. மேல மூடி மட்டும் போடும்னு நெனைச்சுட்டு இருந்தாங்க, 1992லயே இலயாஸ் கூட்டாளிங்க அது மேல் அடுக்கோட இடுக்குக்குள்ளயும் போயி நிக்குது, ஆனா அடியில புதுக் கொழுப்பு அடுக்குறத தடுக்கலன்னு காமிச்சுட்டாங்க. தண்ணி ஆவியாகறத இத விட நல்லா தடுக்கற பொருள் கையில கெடையாது. செரமைடு க்ரீம் நல்லதுதான், செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூணும் சரியான அளவுல இருந்தா தடுப்பு வெரசா சீராகுது, ஆனா ஒண்ண மட்டும் தனியா போட்டா தாமதமே ஆகுதுன்னு 1993லேர்ந்து தெரிஞ்ச விஷயம், டப்பாமேல "செரமைடு"ன்னு எழுதியிருக்கறத மட்டும் பாத்து ஆயிரம் ரூவா குடுக்கறதுல எனக்கு சம்மதமில்ல, கூலி வேலைக்குப் போறவங்கக்கிட்ட அத எழுதவும் மனசு வராது.

குதிகாலுக்கு யூரியா க்ரீம், வெடிப்பு கொஞ்சம் மூடுனதுக்கு அப்புறம். சொன்னதும் அப்பாயி மொகத்தப் பாக்கணுமே. "யூரியாவா? வயலுக்கு வீசுறதா? அத கால்ல போட்டா வெந்து போயிராதா டாக்டரம்மா?" வயல்ல போடுறதும் இதுவும் ஒரே பொருள்தான், நம்ம தோல்லயே இயற்கையா இருக்கு, தண்ணிய இழுத்து வச்சுக்கும், பத்து சதவீதம்தான் இதுல இருக்குன்னு சொன்னேன். பாதத்துல எண்ணெச் சுரப்பியே இல்லாததால அங்க எண்ணெய விட தண்ணிய புடிச்சு வைக்கிறதுதான் முக்கியம், மேல ஜெல்லி ஒரு பூச்சு. விரல் இடுக்குக்கு எண்ணெ, ஜெல்லி எதுவுமே கூடாது, அங்க ஏற்கனவே ஊறிக் கெடக்கு, அதுக்கு க்ளோட்ரிமசோல்ங்கற பூஞ்சை மருந்து, மத்தபடி காய வைக்கணும். மருதாணி அரைச்சு வைக்கலாமான்னு கேட்டாங்க, சேத்துப்புண்ணுக்கு நம்ம பக்கத்து வழக்கம் அது, புண்ணு ஊறி வெளுத்துப் போயிருக்கு, சுகரும் இருக்கு, அதனால இப்ப வேணாம்னுட்டேன்.

இன்னும் ரெண்டு விஷயம் இங்க யாரும் சொல்றதில்ல. ஜெல்லியோ எண்ணெயோ ஊறுன பொடவ, போர்வை தீ பட்டா சட்டுனு புடிச்சுக்கும், இங்கிலாந்துல இதுக்குன்னே அரசாங்க எச்சரிக்கை குடுத்திருக்காங்க, வெறகடுப்பு முன்னாடி ஒக்கார்றவங்க கவனிக்கணும், தொவைச்சாலும் முழுசா போகாது. அடுத்தது வழுக்கல், பாதத்துல போட்டுட்டு சிமென்ட் தரையில நடந்து இடுப்பு ஒடைச்சுக்கிட்டா என் எக்ஸிமா வைத்தியம் என்னத்துக்கு ஆகும், அதனால படுக்கும்போது போட்டு பழைய காட்டன் சாக்ஸ்.

பையனுக்கு கீட்டோகோனசோல்ங்கற பூஞ்சை மருந்து ஷாம்புவ ஒடம்புல தேச்சு அஞ்சு நிமிஷம் விட்டு கழுவணும், முதுகுக்கு எந்த எண்ணெயும் கெடையாது, ஜிம் முடிஞ்சதும் வேர்வைச் சட்டைய கழட்டணும். நெறம் திரும்ப மாசக்கணக்காகும்னு முன்கூட்டியே சொல்லிட்டேன், இல்லாட்டி வெளுப்பு இருக்குன்னு மறுபடியும் மறுபடியும் மருந்து போடுவாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு வந்தப்ப கால்ல செவப்பு அடங்கியிருந்துச்சு, கட்டம் கட்டமா இருந்த வெடிப்பு மறைஞ்சு மெல்லிசா செதில் மட்டும், தூக்கம் வருதுன்னாங்க. ஸ்டீராய்டு நிறுத்தியாச்சு. இங்க ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாத்தோம், அவங்களும் ஆர்வமா ஒத்துக்கிட்டாங்க: இடது கால்ல ஈரத்தோட பெட்ரோலியம் ஜெல்லி, வலது கால்ல ஈரத்தோட தேங்கா எண்ணெ. மாசி கடைசில பாத்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியல, ஜெல்லி பொடவையில ஒட்டுதுன்னு அவங்களே தேங்கா எண்ணெக்கு மாறிட்டாங்க, எனக்கும் சரிதான். ஒரு ஆளு ஒரு கால் கணக்குல இது எதையும் நிரூபிக்காது, ஆனா அவங்க தொடர்ந்து போடுறது எதுவோ அதுதான் அவங்களுக்கு மருந்து. ஆலிவ் ஆயில் பாட்டில் பாதி மிச்சம், சமையலுக்கு எடுத்துக்கச் சொன்னா "அந்த வாடைக்கு கொழம்பு எறங்காதுங்கறேன்"னாங்க, பேரன் சாலட்டுக்கு ஊத்திக்கிறானாம்.

பங்குனில உளுந்து பறிக்கப் போயிட்டு வந்து குதிகால் மறுபடியும் ஒரு எடத்துல வெடிச்சிருந்துச்சு, வெறுங்காலோட வயல்ல நின்னா யூரியா க்ரீம் மட்டும் என்ன பண்ணும், செருப்பு போட்டா வரப்புல நடக்க வரலங்கறாங்க. சுகர் மாத்திரைய கூட்டிக் குடுத்திருக்காங்க, அடுத்த மூணு மாச சுகர் ரிப்போர்ட்டோட குறுவை நடவுக்கு முன்னாடி வரச் சொல்லியிருக்கேன், உணர்ச்சி கொறைஞ்ச பாதம்ங்கறதால சேத்துல எறங்கறதுக்கு முன்னாடி அந்த வெடிப்பு மூடியாகணும். பையன் முதுகுல செதில் போயிடுச்சு, திட்டு இன்னும் வெளுப்பாதான் இருக்கு.